சுடுநீர்த் தாங்கி ஒழுகுவதேன்?

ஒரு கலத்தினின்று நீர் வெளிப்படும் வகைகளைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. கசிதல், சொட்டுதல், ஒழுகுதல், பீறுதல் என்பன ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும் அவ்வாறல்ல. புதிய மட்பானையின் புறத்தே ஈரம் பரந்து நிற்பது கசிவு. மழை ஓய்ந்தபின் தாழ்வாரத்து ஓலைநுனியினின்று இடைவிட்டு விழுவது சொட்டு. இடையறாது நூல்போல் இறங்குவது ஒழுக்கு. அடக்கிவைத்த நீர் ஒரு துவாரத்தைக் கண்டு பாய்வது பீறல். நம்முடைய பாட்டிமார் இவற்றை ஒருபோதும் மயங்கிச் சொன்னதில்லை. நாமோ, குளியலறைச் சுவரிலே தொங்கும் சுடுநீர்த் தாங்கிக்கு யாது நேர்ந்தாலும், "ஹீற்றர் லீக் பண்ணுது" என்னும் ஒரே வாசகத்தோடு அமைந்துவிடுகின்றோம்.

இதனால் வருந்துவது மொழி மட்டுமன்று; வீடும் வருந்தும். அத்தகைய தாங்கியினின்று நீர் வெளிப்படக்கூடிய இடங்கள் நான்கைந்து உண்டு. அவற்றுள் ஒன்று, நீர் வெளிப்படுதற்கென்றே செய்துவைத்த வாயில். அவ்விடத்திற் சொட்டுவது பெரும்பாலும் நோயன்று. தாங்கி தன்னைத்தான் காத்துக்கொள்ளும் முறை. இதனை அறியாது அவ்வாயிலை மூடியிட்டோ மரமுளை அறைந்தோ அடைத்துவிடுவோர் உளர். அடைத்தவுடன் சொட்டு நிற்கும், வீட்டாரும் மகிழ்வர். ஆனால் அன்றுதொட்டு அவர்கள் தலைக்குமேலே தொங்குவது வெடிக்கக்கூடிய கலம். விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் குழாயையும் வால்வையும் பற்றி எழுதுவதா என்று பழைய மாணவர் சிலர் புன்னகை புரியக்கூடும். எழுதுவதற்கு இவ்வொரு காரணம் போதும். நம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியர்களும் என்மேற் சினங் கொள்ளார் என்று நம்புகின்றேன்.

முன்னாளிற் சுடுநீர் வேண்டின், கோடியிலே மூன்று கல்லைக் கூட்டிக் கிடாரத்தை ஏற்றி, ஊமலும் பனஞ்சிராயும் இட்டு எரிப்பார்கள். கிடாரத்தின் வாய் திறந்திருந்தது. எவ்வளவு எரித்தாலும் நீர் கொதித்து ஆவியாகப் போகுமேயன்றிக் கிடாரம் வெடித்ததாக எவரும் கேள்விப்பட்டதில்லை. இன்றைய தாங்கியோ நாற்புறமும் மூடிய கலம். வேறுபாடு முழுவதும் அங்கேதான் இருக்கின்றது. 'கீசர்' என்று பலரும் வழங்கும் பெயர் ஐசுலாந்திலே நிலத்தினின்று கொதிநீர் பீறியெழும் ஓர் ஊற்றின் பெயர். இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் மோகன் என்பவர் 1868ஆம் ஆண்டில் தாம் அமைத்த நீர்சூடாக்கும் கருவிக்கு அப்பெயரை இட்டார். சூடாக்கிய நீரைச் சேமித்துவைத்துத் தானே இயங்கும் தாங்கியை, நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எட்வின் ரூட் என்னும் பொறியியலாளர் 1889ஆம் ஆண்டில் அமைத்தார். நம் வீடுகளில் உள்ளது அதன் மின்சார வழித்தோன்றல். உருக்குக் கலம் ஒன்று. அதனுள்ளே வெப்பச் சுருள். நீர் வேண்டிய சூட்டை அடைந்ததும் மின்னை மறிக்கும் வெப்பநிறுத்தி. குளிர்நீர் புக ஒரு குழாய். சுடுநீர் செல்ல ஒரு குழாய். குளிர்நீர் புகுமிடத்தில் ஒரு காப்பு வால்வு. ஏனையவெல்லாம் புறத்தே போர்த்த அழகுத் தகடும், சூடு வெளியேறாவண்ணம் இடையிலே நிரப்பிய நுரையுமே.

தாங்கியடியிலே நீரைக் கண்டவுடன் ஏணியைத் தேடுதல் தகாது. முதலில் மின்னை நிறுத்துக. தாங்கிக்குரிய ஆளி நனைந்த சுவரிலே இருப்பின் அதனைத் தொடாது, வீட்டின் பிரதான ஆளியை உலர்ந்த கையால் நிறுத்துக. அதன்பின்னரே குளிர்நீர்க் குழாயின் வால்வை மூடுதல் வேண்டும். இம்முறை மாறலாகாது. நீரை முதலில் மறித்து மின்னை ஓடவிட்டால், ஒழுகி வற்றும் தாங்கியினுள்ளே வெப்பச் சுருள் நீரின்றி எரிந்து கெடும். நனைந்த தகட்டிலே 230 உவோற்று மின் பாய்ந்தால் கெடுவது சுருள் மட்டுமன்று. தாங்கியை வெறுமையாக்க வேண்டின் அது ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். 60 பாகை செல்சியசில் உள்ள நீர் சில விநாடிகளிலே உடம்பை ஆழமாக வேகவைத்துவிடும்.

இனி, ஒழுகுமிடத்தைக் காணுதல். நீர் விழுமிடம் வேறு, பிறக்குமிடம் வேறு. மேற்பொருத்தினின்று கசியும் நீர் புறத்தகட்டின் உள்ளே வழிந்து அடியிலே சொட்டுமாதலின், அடியைப் பார்த்து, "தாங்கி ஓட்டையாகிவிட்டது" என்று முடிவு கட்டுவோர் பலர். தாங்கியையும் குழாய்களையும் பழந்துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒவ்வொரு பொருத்தின் கீழும் ஒரு கடதாசித் துண்டைச் சுற்றிவைத்து, நீரை மட்டும் திறந்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்திருக்க. மேலிருந்து கீழாகப் பார்த்துவரின் முதலில் நனைந்த கடதாசியே உண்மையைச் சொல்லும். குழாய்ப் பொருத்தாயின் கவலையில்லை. நட்டை ஒரு சுற்று இறுக்கியோ, வாசரை மாற்றியோ, புரியிலே வெள்ளை நாடாவைப் புதிதாகச் சுற்றியோ தீர்த்துவிடலாம். வலிமையெல்லாங் கூட்டி இறுக்குதல் வேண்டா. தாங்கியின் புரி சிதைந்தாற் சிறுசெலவு பெருஞ்செலவாகும்.

நனைந்தது காப்பு வால்வின் வாயாயின் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நீர் சூடாகுங்கால் விரியும். 28 பாகையில் உள்ள 50 லீற்றர் நீரை 60 பாகைக்குச் சூடாக்கினால் அரை லீற்றருக்கு மேற்பட்ட நீர் மிகுதியாகின்றது. 2 கிலோவாற்றுச் சுருள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இதனைச் செய்துவிடும். இம்மிகுநீர் எங்கே போவது? குளிர்நீர்க் குழாய் தடையின்றி இருப்பின் அது வந்த வழியே கூரைமேல் தாங்கியை நோக்கித் திரும்பும். காப்பு வால்வுகளுட் பெரும்பாலானவை நீரைத் திரும்பவிடாத ஒருவழி வால்வையும் தம்முள் அடக்கியவை. அவ்வழி அடைபட்டவுடன் உள்ளே அமுக்கம் ஏறும். குறித்த எல்லையைத் தொட்டதும் வால்வு சிறிது திறந்து சொட்டும். பெரும்பாலும் 8 பார் என்பது அவ்வெல்லை. நான்கு நெடும்பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலொத்த உயரமுள்ள நீர்த்தூணின் அமுக்கம் அது. ஆகவே, சூடாகும் வேளையில் மட்டும் சொட்டி, சூடானபின் நின்றுவிடும் சொட்டு இயல்பானது. அதற்கு மருந்து வேண்டா. அடியிலே ஒரு வாளி போதும். மின் நிறுத்தித் தாங்கி ஆறியபின்னரும், இரவு முழுவதும், சொட்டு நிற்கவில்லையாயின் அது நோய். வால்வின் இருக்கையிலே சுண்ணத்துணிக்கை சிக்கியிருக்கலாம். வால்வின் நெம்பை இருமுறை தூக்கி நீரைப் பாயவிட, அது கழுவுண்டு போவதும் உண்டு. போகாவிடிற் புதிய வால்வு இடுக. நீரிறைக்கும் பம்பியின் அமுக்கம் மிகுதியாயிருப்பினும் இக்குற்றம் தோன்றும்.

அடைத்தல் மட்டும் ஆகாது. ஏன் ஆகாது என்பதை மாணவர் கணக்கிட்டே காணலாம். வெப்பநிறுத்தி பழுதுபட்டு மின் நில்லாது ஓடுகின்றது என்று கொள்க. மூடிய கலத்தில் அமுக்கம் ஏற ஏற நீரின் கொதிநிலையும் ஏறும். 8 பார் அமுக்கத்தில் நீர் கொதிப்பதற்கு ஏறத்தாழ 175 பாகை வேண்டும். வாயில் அடைபட்ட தாங்கியிலே நீர் கொதியாமலே அச்சூட்டை அடைந்து மேலும் ஏறும். அந்நிலையில் உருக்கு ஓரிடத்திற் கிழிந்தால் அமுக்கம் ஒரு கணத்தில் வீழும். 50 லீற்றரில் ஏறத்தாழ 7 லீற்றர் அக்கணமே ஆவியாகும். ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 1,600 லீற்றர் ஆவி தருமாதலின், ஒரு சிறு குளியலறையின் கனவளவுக்கு மேற்பட்ட ஆவி, கண்ணிமைக்கு முன்னே அங்கே பிறக்கும். சுவர் என்ன செய்யும்! எலும்பை மென்மையாக்கும் மூடுகலத்தை 1679ஆம் ஆண்டில் இலண்டனிலே காட்டிய தெனிசு பப்பான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வாபத்தை அறிந்தே, பாரந் தொங்கவிட்ட நெம்பினால் அழுத்திய வால்வு ஒன்றைத் தம் கலத்துக்குப் பொருத்தினார். நம் குளியலறையிற் சொட்டுவதும், நம் குசினியிலே அமுக்கச் சட்டியின் தலையிற் சீறுவதும் அவ்வால்வின் வழிவந்தவையே. சட்டியின் சீழ்க்கையை அடைக்க எவரும் எண்ணுவதில்லை; தாங்கியின் சொட்டை மட்டும் அடைக்கின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டார் சிறப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. நம் நிலம் சுண்ணக்கல், நம் கிணற்று நீர் அக்கல்லினூடு ஊறிவருவது, ஆதலின் வன்னீர். கேத்திலின் அடியிலே வெண்படையாக ஒட்டுவதை எல்லாரும் கண்டிருப்போம். நீரிற் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று சூட்டினாற் பிரிந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகப் படிகின்றது. கேத்திலிற் புளிக்காடியை ஊற்றிக் கழுவிவிடலாம். தாங்கியின் உள்ளே அது கண்ணிற் படாது வளரும். சுருளைச் சுற்றிச் சுண்ணம் போர்க்க, சூடு நீருக்குச் செல்லாது சுருளிலேயே தங்க, அதன் உறை வெடிக்கும். உடனே ட்றிப் சுவிச்சு விழும். சுருளைப் பொருத்திய தட்டின் இறப்பர் வாசரும் சூட்டினால் இறுகிப் பிளந்து கசியும். தாங்கியின் அடிநடுவிலே, மின்கம்பி புகுமிடத்தருகே ஈரங் காணின் இவ்வாசரை ஐயுறுக. விலை சிறிது, ஆனால் மின்னும் நீரும் அண்டியிருக்கும் இடமாதலின் மின்வேலை அறிந்தவரே அதனைத் தொடவேண்டும்.

இறுதியாக, கலமே பொத்தலாதல். உருக்குக் கலத்தின் உட்புறத்திற் பீங்கான் போன்ற எனாமற் பூச்சு உண்டு. அதிலே நுண்ணிய குறைகள் இல்லாதிரா. அவ்வழி நீர் உருக்கை அரியாவண்ணம் உள்ளே மகனீசியக் கோல் ஒன்றைத் தொங்கவிடுவர். உருக்கிலும் எளிதில் அரிபடும் இயல்பினதாதலின், உருக்குக்கு வரவேண்டிய அரிப்பைத் தான் ஏற்றுத் தேயும். இதற்கு அனோட்டு என்று பெயர். இம்முறையை 1824ஆம் ஆண்டிற் சேர் ஹம்பிரி டேவி ஆங்கிலக் கடற்படைக் கப்பல்களுக்காகக் கண்டார். கப்பலடியின் செப்புத்தகட்டில் நாகத்தையோ இரும்பையோ பிணைக்க, செப்பு அரிபடவில்லை. ஆனால் செப்பின் நஞ்சு நீரிற் கரையாமையாற் சிப்பியும் பாசியும் அதன்மேற் குடியேறிவிட்டன என்பது வேறு கதை. அனோட்டு முற்றாகத் தேய்ந்தபின் உருக்கு தனித்து நிற்கும். சுடுநீரிலே துருநிறம் தோன்றுவதும், எப்பொருத்திலும் ஈரமின்றிப் புறத்தகட்டின் விளிம்பிலே நீர் தொடர்ந்து ஒழுகுவதும் கலம் பொத்தலானதன் குறிகள். அதனைப் பற்றவைத்துத் தருவோம் என்பாரை நம்பற்க. பற்றவைக்கும் நெருப்பு எனாமலை உரித்துவிடும்; அருகிலே புதிய பொத்தல் எழும். கலத்தை மாற்றுதலே வழி. இதனாலேயே இரண்டாண்டுக்கொரு முறையேனும் அனோட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்கின்றனர். கடலண்டிய ஊர்களில் உவர்நீர் மின்னை நன்கு கடத்துமாதலின் கோல் இன்னும் விரைந்து தேயும். துருவேறா உருக்குத் தாங்கிக்கு இக்கவலை இல்லை என்று கடைக்காரர் சொல்வர். உவர்நீரின் குளோரைட்டு, பற்றவைத்த தையல்களில் அதனையும் ஊசித்துளையிட்டுவிடும் என்பதைச் சொல்லார்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் நம் பழைய மாணவர்க்கும் ஒரு வார்த்தை. கனடாவில் நிலக்கீழறையில் நிற்கும் தாங்கி பெரும்பாலும் 150 லீற்றருக்கு மேற்பட்டது. அதன் வால்வு அமுக்கத்துக்கு மட்டுமன்றி வெப்பநிலைக்கும், ஏறத்தாழ 99 பாகையிலே, திறக்கும். வாயுவினால் எரியும் தாங்கியிலே குளிர்நீரைப் புதிதாக நிரப்பியபோது, எரிந்த வாயுவின் ஆவி குளிர்ந்து அடியிலே நீராகச் சொட்டுவதுண்டு; தாங்கி சூடேறியதும் அது நிற்கும். வாயுவின் மணம் வருமாயின், எந்த ஆளியையும் தொடாது வீட்டைவிட்டு வெளியேறுக. ஒழுக்கை ஆராய்வது பின்னர்.

பழுதுபார்ப்பவரை அழைக்குங்கால், "மேற்பொருத்திற் கசிகின்றது", "வால்வின் வாயிலே சூடாகும்போது மட்டும் சொட்டுகின்றது", "சுருளின் தட்டருகே ஈரம்", "அடியிலே துருநீர் ஒழுகுகின்றது" என்று இடத்தையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லுக. அவர் வாசரோடு வருவாரா, வால்வோடு வருவாரா, புதிய தாங்கியின் விலையோடு வருவாரா என்பது அச்சொல்லைப் பொறுத்தது. புதிய தாங்கி பொருத்துவோர், காப்பு வால்வின் வாயினின்று ஒரு குழாயைக் கீழ்நோக்கி, முனை திறந்தவாறு, நீர் வீழ்வது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விடும்படி கேட்டுக்கொள்க. அக்குழாயின் நடுவே எந்த வால்வும் இருத்தலாகாது. ஆள்மேற் கொதிநீர் வீழாவண்ணம் அதன் முனை நிலத்தை அண்டியிருத்தலும் வேண்டும்.