அரசிதழில் ஒரு வரி!

தொழிலாளியின் ஓய்வூதியத்தில் கைவைக்கப் பார்லிமெண்டில் மசோதா வர வேண்டும் என்றா எண்ணுகிறோம்? இல்லை, தோழர்களே! 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதிச் சட்டத்தின் 7-வது பிரிவு, அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டே திட்டத்தைத் திருத்தும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்கு வழங்கியது. முன்தேதியிட்டும் திருத்தலாமாம்!

2014-இல் சர்க்கார் ஒரு கையால் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்றது. மறு கையால், கடைசி 12 மாதச் சம்பளச் சராசரியை 60 மாதச் சராசரியாக்கியது. ஏறிவரும் சம்பளத்துக்கு ஐந்தாண்டுச் சராசரி போட்டால் தொகை குறையாதா? 2022-இல் உச்சநீதிமன்றமும் இதை ஏற்றது.

ஆனால், அறிவிக்கையைப் பார்லிமெண்டில் 30 நாள் வைக்க வேண்டும். இரு அவைகளும் ஒப்பினால் ரத்துச் செய்யலாம் என்றதும் அதே பிரிவுதான். 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அறிவிக்கை வழியையே வைத்திருக்கிறது. ஆகவே சங்கந்தோறும் அரசிதழைப் படிப்போம். காலம் கடக்குமுன் எம்.பி.க்களின் கதவைத் தட்டுவோம்!