வாய்ப்புற்றுநோயும் தாவர வேதிப்பொருட்களும்

வாய்ப்புற்றுநோய்க்கு எதிரான தாவர வேதிப்பொருட்கள் என்பன, உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு, மேலண்ணம் முதலிய இடங்களில் தோன்றும் புற்றுநோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ கூடும் என்ற நோக்கில் ஆராயப்படும் தாவரச் சேர்மங்கள் ஆகும். மஞ்சளில் உள்ள குர்க்குமின், பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டச்சின்கள், யூ மரத்திலிருந்து கிடைக்கும் டாக்சேன்கள் ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் புற்று உயிரணுக்களைக் கொல்லும் தாவரச் சேர்மங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஆயினும் வாய்ப்புற்றுநோய்க்கு மருத்துவமனைகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் தாவரவழி மருந்துகள் பெரும்பாலும் டாக்சேன் வகையைச் சேர்ந்தவை மட்டுமே.

நோயின் தன்மை

வாய்ப்புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை வாயின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள செதிள் உயிரணுக்களில் தோன்றுபவை. 2022 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3.9 இலட்சம் பேருக்கு உதடு மற்றும் வாய்ப்புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 1.88 இலட்சம் பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. புதிய நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள்.

புற்று தோன்றுவதற்கு முன்பே பலருக்கு வாயில் வெண்படலம் அல்லது செம்படலம் காணப்படும். பாக்கு மெல்லுபவர்களுக்கு வாயின் உட்புறத் திசு நாராக இறுகி, வாயைத் திறக்க முடியாமற் போகும் நோயும் ஏற்படுகிறது. இவை எல்லாமே புற்றாக மாறிவிடுவதில்லை, ஆனால் மாறக்கூடியவை. இந்த முன்நிலைகளைக் கண்ணால் பார்க்கவும் விரலால் தொடவும் முடியும் என்பதால், தடுப்பு மருந்துகளைச் சோதிக்க வாய் மிகவும் ஏற்ற இடமாக அமைந்தது. தாவரச் சேர்மங்கள் பற்றிய மருத்துவச் சோதனைகளிற் பல வெண்படலத்தின் மீதே நிகழ்த்தப்பட்டதற்கு இதுவே காரணம்.

நோயை உண்டாக்கும் தாவரங்கள்

தாவரத்திலிருந்து வருவது தீங்கற்றது என்னும் கருத்துக்கு இந்நோயே சிறந்த மறுப்பு ஆகும். புகையிலையும் பாக்கும் தாவரப் பொருட்களே. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை மேற்குறித்த முகமை 2004 இல் வெளியிட்ட தொகுதியில் உறுதிப்படுத்தியது. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்னும் காரப்போலியை 2020 இல் அது "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற பிரிவில் சேர்த்தது.

யூ மரத்திலிருந்து மருந்து

1962 இல் ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலக் காடொன்றில் பசிபிக் யூ மரத்தின் பட்டை ஆய்வுக்காகச் சேகரிக்கப்பட்டது. அப்பட்டையின் சாறு புற்று உயிரணுக்களைக் கொல்வதை வட கரோலினாவில் பணியாற்றிய மன்றோ வால், மன்சுக் வானி ஆகியோர் கண்டறிந்தனர். அதில் செயற்படும் பொருளான பாக்லிடாக்சலின் மூலக்கூற்று அமைப்பை 1971 இல் வெளியிட்டனர். அது செயற்படும் விதத்தை 1979 இல் சூசன் ஆர்விட்சு விளக்கினார். உயிரணு பிரியும்போது நிறப்புரிகளை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்குழல்கள், கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் மாறிக்கொண்டே இருக்கவேண்டும். பாக்லிடாக்சல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. உயிரணு பிரிய முடியாமல் இறக்கிறது. நம் நாட்டு வீட்டு முற்றங்களில் வளரும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்பிளாசுட்டின் இதற்கு நேர்மாறாக, நுண்குழல்களைக் கட்டவே விடாமல் தடுக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். அதிலிருந்து கிடைக்கும் மருந்தின் அளவோ மிகச் சிறிது. பிரான்சில் பியேர் பொத்தியே குழுவினர் ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளிலிருந்து ஒரு முன்பொருளைப் பிரித்து, அதைக் கொண்டு டோசிடாக்சல் என்னும் மருந்தைச் செய்தனர். இலைகள் மீண்டும் துளிர்ப்பதால் மரத்தை அழிக்கவேண்டிய தேவை நீங்கியது. தலை-கழுத்துப் புற்றுநோய்க்குச் சிசுபிளாட்டின், புளோரோயூராசில் ஆகியவற்றோடு டோசிடாக்சலைச் சேர்த்துக் கொடுக்க ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2006 இல் இசைவளித்தது.

எனினும் எல்லா இடத்திலும் இம்மருந்து வெற்றி பெறவில்லை. அறுவை செய்யத்தக்க வாய்ப்புற்று உடைய 256 பேரிடம், அறுவைக்கு முன் இம்மூன்று மருந்துகளையும் கொடுத்துச் சீனாவில் நடந்த சோதனையின் முடிவு 2013 இல் வெளியாயிற்று. நேரடியாக அறுவை செய்துகொண்டவர்களைவிட மருந்து பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. மாறாக, சிசுபிளாட்டினைத் தாங்க இயலாத தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் 356 பேரிடம் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை நடத்திய சோதனையில், கதிர்வீச்சுடன் வாரந்தோறும் சிறிதளவு டோசிடாக்சல் கொடுத்தபோது ஈராண்டு உயிர்வாழ்வு 41.7 விழுக்காட்டிலிருந்து 50.8 விழுக்காடாக உயர்ந்தது. இம்முடிவு 2023 இல் வெளியானது. சிறுநீரகம் நலிந்த நோயாளிகளுக்கும் காது கேட்புத்திறன் குறைந்தவர்களுக்கும் சிசுபிளாட்டின் பொருந்தாது என்பதால் இது சிறிய முன்னேற்றம் அன்று.

குர்க்குமின்

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் 1815 இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது; அதன் அமைப்பு 1910 இல் அறியப்பட்டது. மஞ்சள்தூளின் எடையில் இது சில விழுக்காடே இருக்கும். அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை இயக்கும் புரதங்களை இது அடக்குவதாக ஆய்வக முடிவுகள் கூறுகின்றன. ஆனால் குர்க்குமின் நீரில் எளிதிற் கரையாது. நடுநிலை நீர்க்கரைசலில் விரைவாகச் சிதையும். குடலும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியேற்றிவிடும். நாளொன்றுக்கு 8 கிராம் உட்கொண்டவர்களின் குருதியில்கூட அதன் உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலாருக்கும் குறைவாகவே இருந்தது. கண்ணாடித் தட்டுச் சோதனைகளில் பயன்படுத்தப்படும் அளவு பெரும்பாலும் இதைவிடப் பன்மடங்கு மிகுதி. மேலும், இது பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்வதால் சோதனைக் கருவிகளையே ஏமாற்றக்கூடிய சேர்மம் என மருந்து வேதியியலார் 2017 இல் எச்சரித்தனர். செய்தித்தாள்களில் வரும் "மஞ்சள் புற்றுநோயை அழிக்கிறது" என்ற தலைப்புகளில் இவ்விவரங்கள் இடம்பெறுவதில்லை.

இருப்பினும் குர்க்குமினை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் வாய் வெண்படலம் உடைய 223 பேரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான சோதனையில், நாளுக்கு 3.6 கிராம் குர்க்குமினை ஆறு மாதம் உட்கொண்டவர்களுள் 67.5 விழுக்காட்டினருக்கு வெண்படலம் சுருங்கியது. மருந்துப்போலி பெற்றவர்களுள் அது 55.3 விழுக்காடு. மருந்தே இல்லாமல் பாதிக்கு மேற்பட்டோர்க்குப் படலம் சுருங்கியதைக் கவனிக்கவேண்டும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வாக இருந்திருந்தால் முழுப் பெருமையும் குர்க்குமினுக்கே போயிருக்கும். நுண்ணோக்கியில் திசுவை ஆராய்ந்தபோது இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

தேயிலையும் கரோட்டினும்

ஐக்கிய அமெரிக்காவில் 41 பேரிடம் நடந்து 2009 இல் வெளியான சோதனையில் பச்சைத் தேயிலைச் சாறு பெற்றவர்களுள் பாதிப் பேருக்கும், மருந்துப்போலி பெற்றவர்களுள் 18 விழுக்காட்டினருக்கும் முன்நிலைப் படலங்கள் சுருங்கின. ஆனால் புற்று தோன்றாமல் கழிந்த காலத்தில் வேறுபாடு இல்லை. சோயா அவரையிலிருந்து பெறப்பட்ட ஒரு புரதம் மருந்துப்போலியை விஞ்சவே இல்லை.

கேரளத்தில் 160 பேரிடம் நடந்து 1997 இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு வெண்படலம் முற்றாக மறைந்தது. மருந்தை நிறுத்தியபின் அவர்களுள் பாதிப் பேருக்கு அது திரும்பி வந்தது. இதற்கு முன்பே, பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்போரிடம் நடந்து 1994 இல் வெளியான ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயை 18 விழுக்காடு கூட்டியிருந்தது. காரட்டில் உள்ளபோது நன்மை தரும் பொருள் மாத்திரையிலும் நன்மை தரும் என்று கொள்ள முடியாது.

காலந்தாழ்த்தலின் தீங்கு

தொடக்க நிலை வாய்ப்புற்று அறுவையால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. தாடையைச் சிதைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், முதலில் மூலிகையை முயன்று பார்க்கும் நோயாளிக்கு அந்த வாய்ப்பு நழுவிப்போகலாம். புற்று கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டால் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது, அறுவையும் பெரிதாகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடியவர்களின் இறப்பு வாய்ப்பு 2.5 மடங்காக இருந்தது. அது மார்பகம், நுரையீரல், பெருங்குடல், முன்னிற்குஞ்சுரப்பி ஆகியவற்றின் புற்றுநோய் பற்றியது. வாய்ப்புற்று அதில் இடம்பெறவில்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேர் பற்றி 2022 இல் வெளியான மற்றோர் அமெரிக்க அறிக்கையில் ஒருவர் இறந்ததும் பதிவாகியுள்ளது. சமையலில் சேர்க்கும் மஞ்சளுக்கு இது பொருந்தாது.

இரண்டு கிழமைகளுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெண்மையான அல்லது சிவந்த படலம், விழுங்குவதில் தடை, கழுத்துக் கட்டி ஆகியவை இருப்பின் மருத்துவரிடம் காட்டித் திசுச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

தற்போதைய ஆய்வுகள்

குருதியில் சேராத பொருளை நோயுள்ள இடத்திலேயே வைத்தால் என்ன என்ற கேள்வி, வாயைப் பொறுத்தவரை விடை காணக்கூடியது. உமிழ்நீர் அடித்துச் செல்லாதவாறு சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும் பசைகளும் பட்டைகளும் உருவாக்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பு ராசுபெரிப் பழத்தூளைக் கொண்ட பசை முன்நிலைப் படலங்களில் தடவிச் சோதிக்கப்பட்டது. குர்க்குமினை நுண்துகள்களில் பொதிந்து செலுத்தும் முறைகளும் ஆராயப்படுகின்றன. இவற்றுள் எதுவும் இதுவரை வாய்ப்புற்றுநோய்க்கான வழக்கமான மருத்துவமாக ஏற்கப்படவில்லை.