மலையை வெட்டிய மண் எங்கே போகிறது?

புது தில்லி: ஒரு திட்டத்துக்கு நிதி ஒதுக்கும்போது எத்தனை கிலோ மீட்டர், எத்தனை கோடி ரூபாய், எப்போது முடியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் தலைநகரில் விடை கிடைக்கும். வெட்டி எடுக்கப்படும் மண்ணும் உடைக்கப்படும் பாறையும் எங்கே போகும் என்ற நான்காவது கேள்விக்கு மட்டும் தெளிவான விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. தமிழகத்தை ஒட்டிய கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் இந்த நான்காவது கேள்விதான் இன்று உயிர்ப் பிரச்னையாக நிற்கிறது.

கேப் ரோடு கற்பித்த பாடம்

கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு, தேவிகுளம், போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்துக்குள் இறங்குகிறது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து வரும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இது சொந்த ஊர்களோடு உறவைக் காக்கும் பாதை. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. ஆனால் மக்களின் போக்குவரத்து எல்லைக்கோட்டோடு நின்றுவிடவில்லை. எனவே இந்தச் சாலை அகலமாக வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே.

மூணாறு - போடிமெட்டு இடையே சுமார் 42 கிலோ மீட்டர் தொலைவுக்கு, ஏறத்தாழ 380 கோடி ரூபாய் மதிப்பில் விரிவாக்கப் பணி 2017-இல் தொடங்கியது. இதில் மிகக் கடினமான பகுதி, தேவிகுளத்தை அடுத்த கேப் ரோடு. ஒருபுறம் செங்குத்தான பாறை. மறுபுறம் பெரும் பள்ளத்தாக்கு. பாறைக்கு வெடி வைத்து சாலையை அகலப்படுத்தினார்கள். 2019-இல் அடுத்தடுத்து நிலச்சரிவுகள் ஏற்பட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் பணியில் இருந்த தொழிலாளர் உயிரிழந்தார். 2020 ஜூனில் மீண்டும் மலை சரிந்தது. பாறைகளும் மண்ணும் சாலையை அடைத்ததோடு, பள்ளத்தாக்கில் இருந்த விளைநிலங்களையும் மூடின. அறிவியல் முறைப்படி பாறை வெடிக்கப்படவில்லை என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர்.

2024 ஜனவரியில் சாலை முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. பயணிகள் மகிழ்ந்தனர். ஆனால் அதே நெடுஞ்சாலையின் மற்றொரு பகுதியில் துயரம் தொடர்ந்தது. 2025 அக்டோபர் 25 இரவு, அடிமாலி அருகே கூம்பன்பாறையில், விரிவாக்கத்துக்காக மண் வெட்டப்பட்ட சரிவு இடிந்து வீடுகள் மீது விழுந்தது. ஆபத்தை உணர்ந்து பல குடும்பங்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டிருந்ததால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது. எனினும் ஒருவர் இறந்தார். அவரது மனைவி பலத்த காயமடைந்தார்.

மலைச்சரிவின் அடிப்பகுதியை வெட்டினால், மேலே உள்ள மண்ணைத் தாங்கும் பிடிப்பு போய்விடுகிறது. வெட்டிய மண்ணை அருகிலேயே சரிவில் தள்ளினால் அது இறுகாத குவியலாக நிற்கிறது. பருவமழை நீர் அதனுள் ஊறி எடையைக் கூட்டுகிறது. ஓடைகளின் வழி அடைபட்டால் நீர் புதிய வழி தேடுகிறது. அந்த வழியில் வீடு இருக்கலாம், வயல் இருக்கலாம். கரைந்து செல்லும் மண் ஆறுகளையும் அணைகளையும் தூர்க்கிறது. ஒப்பந்தப் பட்டியலில் 'அகற்ற வேண்டிய மண்' என்று ஒரே வரியில் முடிந்துவிடுவது, கீழே உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கணக்கான ஆபத்தாகிறது.

சட்டத்தின் அளவுகோல்

சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கட்டுமான, இடிபாட்டுக் கழிவுகளுக்கான தனி விதிகளை மத்திய அரசு 2016 மார்ச்சில் வெளியிட்டது. நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் கழிவை உண்டாக்குவோர், கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என நான்காகப் பிரிக்க வேண்டும். பணி தொடங்கும் முன்பே கழிவு மேலாண்மைத் திட்டத்தை உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்து அனுமதி பெற வேண்டும் என்று அவை கூறின. அவற்றுக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று நாள் குறிக்கப்பட்ட இவற்றின்படி, 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தளப்பரப்பு கொண்ட திட்டங்களில், கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு கட்டுவோர் மீதே சுமத்தப்படுகிறது.

இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் தளப்பரப்பு என்ற அளவுகோல் நகரத்து அடுக்குமாடிக்குப் பொருந்தும். மலையை வெட்டும் சாலைக்கு அது எப்படிப் பொருந்தும்?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலும் இதே சிக்கல். 2013-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 100 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் கூடுதல் நிலம் எடுத்து விரிவாக்கப்படும் தேசிய நெடுஞ்சாலைக்கே முன் அனுமதி தேவை. 42 கிலோ மீட்டர் மலைச்சாலை அந்த வரம்புக்குள் வராது. உத்தரகண்டில் சார்தாம் சாலைத் திட்டம் 53 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டதால் முழுமையான மதிப்பீடு இல்லாமலே நடந்தது. அங்கும் வெட்டிய மண் சரிவுகளில் கொட்டப்பட்டதை உச்ச நீதிமன்றம் அமைத்த ரவி சோப்ரா தலைமையிலான உயர்நிலைக் குழு சுட்டிக்காட்டியது.

சாலை, குழாய்ப் பாதை போன்ற திட்டங்களுக்கு முன் அனுமதி இன்றி மண் எடுக்கலாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு அளித்த விலக்கை, கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21-இல் ரத்து செய்தது. எவ்வளவு மண், எந்த இடத்தில் என்ற வரையறையே இல்லாத விலக்கு தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். மண்ணை எடுப்பதற்குச் சொல்லப்பட்ட இந்த நியாயம், மண்ணைக் கொட்டுவதற்கும் பொருந்த வேண்டும்.

பாலக்காட்டில் அடுத்த சோதனை

இடுக்கியில் நடந்ததைப் பாடமாகக் கொள்ள வேண்டிய இடம் பாலக்காடு. கோவையிலிருந்து வாளையாரைக் கடந்ததும் வரும் கஞ்சிக்கோடு, புதுசேரி வட்டாரத்தில் 1,710 ஏக்கரில், 3,806 கோடி ரூபாய் மதிப்பில் தொழில் நகரம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28-இல் ஒப்புதல் அளித்தது. வேலைவாய்ப்பை எதிர்நோக்கும் இரு மாநில இளைஞர்களுக்கும் இது நல்ல செய்தி.

இங்கே சரிந்து விழ மலை இல்லை. ஆனால் அடைபட ஓடைகளும் நிரவப்பட வயல்களும் உண்டு. வாளையாறும் கோரையாறும் கல்பாத்திப் புழை வழியாகப் பாரதப்புழையில் கலக்கின்றன. இடிபாடுகளைக் கொட்ட எளிதில் கண்ணில் படுவது தாழ்வான நெல் வயல்தான். நெல் வயல்களையும் சதுப்பு நிலங்களையும் காக்கக் கேரளம் 2008-இலேயே சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் வலிமை இத்தகைய பெரும் கட்டுமானத்தின்போதே சோதிக்கப்படும்.

எல்லையோரம் என்பதால் மற்றோர் அபாயமும் உண்டு. ஒரு மாநிலத்தில் கண்காணிப்பு இறுகினால், கழிவு ஏற்றிய லாரி இரவோடு இரவாக மறு மாநிலத்துக்குள் நுழைந்துவிடும். 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்தின் மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டதும், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு கேரள அரசே லாரிகளை அனுப்பி அவற்றைத் திரும்ப எடுத்துச் சென்றதும் நினைவிருக்கும். கழிவை உண்டாக்கியவரே அதற்குப் பொறுப்பு என்ற அந்த நெறி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இரு மாநிலங்களிலும் பொருந்த வேண்டும்.

தூய்மை தொடங்கும் இடம்

கட்டுமான இடத்தின் தூய்மை என்பது திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் பெருக்கிவிடுவது அல்ல. கலவை இயந்திரத்தைக் கழுவிய சிமெண்ட் நீர் கடும் காரத்தன்மை கொண்டது. அது ஓடையில் கலந்தால் மீன்கள் சாகும். அதைத் தொட்டியில் தேக்கித் தெளிய வைக்க வேண்டும். மணலையும் மண்ணையும் மூடி வைக்க வேண்டும். லாரிகளின் சக்கரங்களைக் கழுவி வெளியே அனுப்ப வேண்டும். டீசலும் எண்ணெயும் மண்ணில் சிந்தாதபடி தனி இடம் வேண்டும்.

அங்கே தங்கி உழைக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் இல்லையெனில் எந்த இடமும் தூய்மையாக இருக்காது. 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் இவற்றைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தைப் பிடித்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறினாலும் வேலை வாங்குபவரின் கடமை மாறக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

மலைப்பகுதித் திட்டங்களுக்குத் தளப்பரப்பையோ நீளத்தையோ மட்டும் பார்க்காமல், வெட்டப்படும் மண்ணின் கன அளவை அளவுகோலாக்க வேண்டும். மண் கொட்டும் இடம் எது என்பதை ஒப்பந்தப் புள்ளியிலேயே குறிப்பிட்டு, அதற்குத் தனித் தொகை ஒதுக்க வேண்டும். அந்த இடத்தின் வரைபடம் ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் வெட்டிய சரிவுகளுக்குத் தடுப்புச் சுவரும் வடிகாலும் அமைக்காமல் அடுத்த பகுதியில் கை வைக்கக் கூடாது. எல்லையோர மாவட்டங்களின் ஆட்சியர்கள் கழிவு லாரிகளின் விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் அவசியம்.

இவை எவையும் வளர்ச்சிக்கு எதிரானவை அல்ல. செலவு சற்றுக் கூடும். கால அவகாசமும் கூடும். அந்தக் கூடுதல் செலவைத் திட்டம் ஏற்காவிட்டால், அதை மலையடிவாரத்தில் இருப்பவர் தன் நிலத்தாலும் உயிராலும் செலுத்த நேர்கிறது. நாடாளுமன்றத்தில் கேரள, தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி எழுப்ப வேண்டிய கேள்வி இது: வெட்டிய மண் எங்கே?