உங்களுக்குத் தெரியுமா? பிரித்துப் பூட்டிய இன்ஜின் ஏன் மிஸ் அடிக்கிறது?

ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பி, கேஸ்கட் மாற்றி, எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஸ்டார்ட் செய்தால் கார் உதறுகிறது, செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. ‘சென்சார் போயிடுச்சு’ என்று புதிது வாங்க ஓடுவதற்கு முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

● எண்ணிலேயே சிலிண்டர்
ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் ஒன்றாம் சிலிண்டரில் மிஸ். பி0304 என்றால் நான்காம் சிலிண்டர். பி0300 வந்தால் ஒரே இடத்தில் நிற்காமல் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ் ஆகிறது என்று பொருள். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான ஓபிடி-2 முறையின் பொது எண்கள், அதாவது கோடுகள், இவை. எந்தக் கம்பெனி காரானாலும் அர்த்தம் ஒன்றுதான்.

● மிஸ்ஸைப் பிடிப்பது கிராங்க் சென்சார்
நெருப்பு பற்றியதா என்று பார்க்கப் பெரும்பாலான கார்களில் சிலிண்டருக்குள் சென்சார் கிடையாது. கிராங்க்கோடு சுற்றும் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தை கிராங்க் சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்த இடத்தில் வேகம் துளி தளரும். அதை வைத்துத்தான் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம் கணக்குப் போடுகிறது. பல கார்களில் இந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கான இடம் இருக்கும், ஆனால் 58 பல்தான் இருக்கும். விட்டுப்போன அந்த இரண்டு பல் இடைவெளிதான் கிராங்க் எங்கே நிற்கிறது என்பதற்கு அடையாளம்.

● நன்றாக எரிந்தாலும் கோடு வரலாம்
வேலையின்போது அந்தச் சக்கரத்தில் ஒரு பல் வளைந்தாலோ, சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தாலோ, இல்லாத மிஸ்ஸை இருப்பதாக இசிஎம் நினைக்கும். கிராங்க்கையோ ஃப்ளைவீலையோ மாற்றினால், சில கார்களில் ஸ்கேனர் மூலம் புதுச் சக்கரத்தை இசிஎம்முக்குப் பழக்கிவிட வேண்டும்.

● காசில்லாத சோதனை
மூன்றாம் சிலிண்டரில் மிஸ் என்றால் அதன் காயிலை ஒன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303இலிருந்து பி0301க்குத் தாவினால் கோளாறு காயிலில். அங்கேயே நின்றால் காயில் நல்ல காயில். அடுத்து பிளக்கை இப்படி மாற்றிப் பாருங்கள்.

● ஒரு பல், 18 டிகிரி
கிராங்க் பக்கத்துச் சக்கரத்தில் 20 பல் இருந்தால், டைமிங் பெல்ட்டை ஒரே ஒரு பல் தள்ளிப் போட்டாலும் கிராங்க் கணக்கில் 18 டிகிரி தவறிவிடும். பி0016 வந்தால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இதைப் பார்த்துவிட்டு கேம் சென்சார் வாங்குபவர்கள் நிறைய. பாவம், அந்த சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். பெல்ட் போட்டதும் ஸ்பேனர் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்த்த பிறகே மூட வேண்டும்.

● ஆக்சிஜன் சென்சார் அளப்பது ஆக்சிஜனை மட்டும்
சிலிண்டர் எரியாவிட்டால் உள்ளே போன காற்று அப்படியே சைலன்ஸர் பக்கம் வந்துவிடும். சென்சார் அதைப் பார்த்து ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும். இசிஎம்மும் நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும். மிஸ் கோடும் பெட்ரோல் குறைவு கோடும் சேர்ந்து வந்தால் மிஸ்ஸை முதலில் சரிசெய்யுங்கள். இரண்டாவது தானாகவே போய்விடக்கூடும்.

● கேஸ்கட் பசையும் சென்சாரைக் கெடுக்கும்
சாதாரண சிலிக்கான் பசையின் ஆவி இன்ஜினுக்குள் போனால் ஆக்சிஜன் சென்சாரின் மேல் வெள்ளையாகப் படிந்து அதை மந்தமாக்கிவிடும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் அச்சிட்டிருக்கும் பசையையே கேட்டு வாங்குங்கள்.

● தொங்கிக்கொண்டிருந்த எர்த் ஒயர்
ஹெட் வேலை முடிந்த ஒரு காரைப் பார்த்தேன். சம்பந்தமே இல்லாத மூன்று சென்சார்களின் கோடுகள், செல்ஃப் மந்தம், ஐடிலிங்கில் உதறல். மூத்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் கவ்வவிட்டார். உதறல் நின்றது. குனிந்து பார்த்தால் கியர்பாக்ஸ் பக்கம் எர்த் ஒயர் போல்ட் போடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த்தைப் பற்றிக் கவலை இல்லை.

● மைனஸ் 40 டிகிரி
உச்சி வெயிலில் நிற்கும் கார். ஸ்கேனரோ கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 என்கிறது. இப்படிக் காட்டினால் பெரும்பாலும் ஜாக் மாட்டவில்லை, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. பல சென்சார்களின் கோடு ஒரே நேரத்தில் வந்தால் அவற்றுக்குப் பொதுவாகப் போகும் 5 வோல்ட் லைனைப் பாருங்கள். ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துவிடும். ஜாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

● சத்தம் போடாத டேப்பட்
லேத்தில் வால்வு சீட்டைக் கட்டிங் போட்டால் வால்வு உள்ளே இறங்கும், அதன் தண்டு மேலே ஏறும், டேப்பட் கேப் குறையும். கேப்பைத் திரும்ப வைக்காமல் மூடிவிட்டால், இன்ஜின் சூடானதும் வால்வு முழுசாக மூடாது. குளிரில் ஒழுங்காக ஓடிவிட்டு, சூட்டில் மட்டும் மிஸ் அடித்தால் இதைச் சந்தேகியுங்கள்.

● ஒரு ஸ்பூன் ஆயில்
கம்ப்ரஷன் குறைவாக இருக்கும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கட் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

● விளக்கு சிமிட்டினால் நிறுத்துங்கள்
செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது என்ற எச்சரிக்கை. ‘கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டினால் உள்ளிருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும்.

● அழிக்கும் முன் எழுதுங்கள்
கோளாறு வந்த நொடியில் இன்ஜின் வேகம், சூடு, லோடு எவ்வளவு என்று இசிஎம் ஒரு படம்போலச் சேமித்து வைக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வேலையின்போது எந்த ஜாக், எந்த போல்ட், எந்த ஹோஸ் கழன்றதோ அதே வரிசையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். நேற்றுவரை இல்லாத கோளாறு, பெரும்பாலும் நேற்று கை பட்ட இடத்தில்தான் இருக்கும்.