மலையிறங்கிக் கடலேறும் முன்

படகு வாடகை எவ்வளவு? என்ன மீன் கிடைக்கும்? முதன்முறையாக ஆழ்கடலில் தூண்டில் போடக் கிளம்பும் நண்பர்கள் குழுவில் எழும் முதல் இரண்டு கேள்விகள் இவைதாம். காற்று சரியில்லை என்று தெக்கோங் சொல்லிவிட்டால், கொடுத்த முன்பணம் என்னவாகும் என்ற மூன்றாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். காசு வீணாகிவிடுமே என்ற ஒரே காரணத்திற்காக மோசமான வானிலையிலும் படகேறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். 1929-இல் போ தோட்டமும், 1933-இல் பாரத் தோட்டமும் தொடங்கிய காலத்திலிருந்து அங்கு வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் முன்னோர், ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்து இறங்கியவர்கள். தாத்தாவுக்குக் கடல் தெரியும். அதுவும் கப்பலின் அடித்தளத்தில் படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்த கடல். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்தது சுமார் 1,400 மீட்டர் உயரத்து மூடுபனியும், கொழுந்துக் காட்டின் ஈரமும்தான். மலையில் மழை வந்தால் லயத்துத் திண்ணையில் ஒதுங்கிக்கொள்ளலாம். கரையிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் படகில் ஒதுங்கத் திண்ணை கிடையாது. மலையில் வானத்தைப் பார்த்து மழையைச் சரியாகக் கணிக்கும் ஒருவர், கடலிலும் அதே கண்ணை நம்பினால் ஏமாந்துபோவார்.

எந்தக் கடல், எந்த மாதம்?

கேமரன் மலையிலிருந்து பார்த்தால் இரண்டு கடல்களுக்கும் வழி உண்டு. தாப்பா சாலையில் இறங்கி லுமுட் போனால் மலாக்கா நீரிணை. அருகில் பங்கோர், இன்னும் தள்ளி செம்பிலான் தீவுகள். மற்றொன்று குவாலா ரொம்பின். கேமரன் மலையும் ரொம்பினும் ஒரே பகாங் மாநிலம்தான் என்று நம்பி, "பக்கத்தில்தானே" என்று சொல்லிவிடக் கூடாது. கோலாலம்பூரைச் சுற்றிக்கொண்டு போக 400 கிலோமீட்டருக்கும் மேல் ஆகும்.

இருந்தாலும் தூண்டில் பிரியர்கள் ரொம்பினைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. முதுகில் பாய் விரித்தது போன்ற துடுப்பும், ஈட்டி போன்ற மூக்கும் கொண்ட மயில் மீன், மலாய்மொழியில் இக்கான் லாயாரான், அந்தக் கடலில் கூட்டமாக வரும். உலகத் தூண்டில்காரர்களிடையே ரொம்பினுக்குப் பெயர் வாங்கித் தந்ததே இந்த மீன்தான். (மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் என்று இதைப் பற்றிச் சொல்வது பழைய கணக்கு. அண்மைய ஆய்வுகள் அதில் பாதியைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. தூண்டிலில் மாட்டியவருக்கு அந்தப் பாதியே போதும் போதும் என்றாகிவிடும்.)

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக்கரையை அடித்துப் புரட்டும். அந்த மாதங்களில் ரொம்பின் பயணத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பள்ளி விடுமுறை கிடைத்தது, தீபாவளி விடுப்பு மிச்சமிருக்கிறது என்பதெல்லாம் கடலுக்குத் தெரியாது. லுமுட் பக்கம் பருவமழையின் தாக்கம் குறைவு என்பார்கள். அது உண்மைதான். ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து புறப்பட்டு விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடக்கும் சுமத்ராக் காற்று, சற்று முன்வரை கண்ணாடி போலிருந்த கடலைச் சில நிமிடங்களில் கலக்கிவிடும். படகு புறப்படும் நேரமும் பெரும்பாலும் அதே விடியற்காலைதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மலேசிய வானிலை ஆய்வு இலாகா வெளியிடும் பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் எச்சரிக்கைகளில் முதல் வகை என்பது மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்றையும், 3.5 மீட்டர் வரை எழும் அலையையும் குறிக்கும். முதல் வகைதானே, லேசாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சிறிய படகுகளுக்கு ஆபத்து என்று அந்த எச்சரிக்கையே சொல்கிறது. 3.5 மீட்டர் என்றால் லயத்து வீட்டுக் கூரையின் உயரம். இலாகாவின் மைசுவாச்சா செயலியை மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே பார்த்துவர வேண்டும். புறப்படும் காலையில் ஒருமுறை பார்த்தால் மட்டும் போதாது.

தெக்கோங்கிடம் பேச வேண்டியவை

படகை ஓட்டுபவர் தெக்கோங். படகில் அவர் சொல்வதே சட்டம். ஆனால் படகேறும் முன்பு கேள்வி கேட்கும் உரிமை வாடகை கொடுப்பவருக்கு உண்டு. பயணிகளை ஏற்றும் அனுமதி படகுக்கு இருக்கிறதா, எத்தனை பேரை ஏற்றலாம், அத்தனை பேருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, கரையோடு பேச வானொலிக் கருவி இருக்கிறதா என்று கேட்கலாம். கரையிலிருந்து சிறிது தூரம் போனாலே கைத்தொலைபேசி வெறும் புகைப்படக் கருவியாகிவிடும். அபாய அழைப்புக்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்டிருக்கும் 16-ஆவது அலைவரிசையைப் பிடிக்கும் வி.எச்.எஃப். கருவிதான் அங்கே பேசும். இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் தெக்கோங் வேண்டாம். நல்ல தெக்கோங் இவற்றுக்குப் பதில் சொல்வதோடு, "உங்களில் யாருக்கு நீச்சல் தெரியும்?" என்று திருப்பியும் கேட்பார்.

முன்பணம் பற்றி எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். வானிலை காரணமாகத் தெக்கோங் ரத்து செய்தால் பணம் திரும்புமா, வேறு தேதி கிடைக்குமா? நடுவழியில் திரும்பினால் எவ்வளவு கட்ட வேண்டும்? இவை முன்கூட்டியே பேசி முடிந்திருந்தால், அன்றைய காலையில் கறுத்த வானத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் தயக்கம் வராது. தோட்டத்து நண்பர்கள் எட்டுப் பேர் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் என்னும்போது அந்தத் தயக்கம் பெரிதாகவே இருக்கும்.

இன்னொரு கேள்வி, எங்கே மீன் பிடிப்போம் என்பது. தென்னை மட்டைகளைக் கயிற்றில் கட்டி, எடை போட்டுக் கடலில் இறக்கி, அதன் நிழலில் சிறுமீன்களைச் சேரவைக்கும் உஞ்சாம் என்ற அமைப்புகள் கிழக்குக்கரையில் உண்டு. முதலில் அங்கே போய், வரிசையாகச் சிறு கொக்கிகள் கட்டிய அப்போலோ தூண்டிலால் கெம்போங், செலார் பிடித்து, உயிரோடு தொட்டியில் போட்டுக்கொண்டு, பிறகுதான் பெரிய மீனைத் தேடிப் போவார்கள். தியோமான் தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல், அதாவது ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் வரை கடல் பூங்கா. அதற்குள் தூண்டில் போடுவது குற்றம். தீவு அழகாகத் தெரிகிறதே, அதன் பக்கம் போகலாமே என்று தெக்கோங்கை வற்புறுத்தக் கூடாது.

வயிறும் உடுப்பும்

தாப்பா சாலையின் வளைவுகளில் ஏறி இறங்கிப் பழகியவர்கள், கடல் தங்களை ஒன்றும் செய்யாது என்று நினைப்பதுண்டு. வளைவுச் சாலையில் வரும் குமட்டலும் கடல் குமட்டலும் ஒரே காரணத்தால் வருபவைதாம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது. கண் அதை ஒப்புக்கொள்வதில்லை. மூளை குழம்புகிறது. ஆனால் பேருந்தை நிறுத்தி இறங்கி நிற்கலாம். படகில் எட்டு மணி நேரமும் அதே ஆட்டம்தான். குமட்டல் தொடங்கினால் படகின் நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ உட்கார்ந்து தொலைவில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். அறைக்குள் போய்ப் படுத்தால் பலருக்கு இன்னும் அதிகமாகும். தொலைபேசியைப் பார்த்தால் சொல்லவே வேண்டாம்.

குமட்டல் மாத்திரையைப் படகேறுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். வாந்தி வந்தபின் விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இவற்றில் பல தூக்கத்தை வரவழைப்பவை. கண்ணழுத்தம், புரோஸ்டேட் தொல்லை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருந்தாளரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது. சம்பல் மிதக்கும் நாசி லெமாக்கும் ஆகாது. தேங்காய்ச் சட்னி இல்லாமல் இரண்டு இட்லி போதும். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது; கொதிக்கும் இஞ்சித் தேநீரைக் குடுவையில் எடுத்துப்போனால் கேமரன் மலைக்கும் பெருமைதான்.

தோட்டத்து மழைக்காலணி, அந்த உயரமான ரப்பர் பூட்ஸ், படகுக்கு ஆகாது. தண்ணீரில் விழுந்தால் அது நிரம்பிக் காலை இழுக்கும். வழுக்காத லேசான காலணி, நீண்ட கைச்சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி, குடிதண்ணீர் இவை போதும். குளிரில் வாழ்பவர்களுக்குத் தாகம் தெரியாமலேயே உடல் வற்றிப்போகும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. இடி இடித்தால் தூண்டில் கோலைக் கீழே வைத்துவிட வேண்டும். இப்போதைய கோல்கள் கரிமநாரால் ஆனவை. அவை மின்சாரத்தைக் கடத்தும்.

உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வது நம்மவர்களின் பெரிய பழக்கம். நீச்சல் தெரியாதவர் கரையிலேயே அணிந்து, வார்களை இறுக்கி, தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். முகவாயைத் தாண்டி ஏறினால் அளவு சரியில்லை. 2022 ஏப்ரல் 6-ஆம் தேதி ரொம்பினுக்குத் தெற்கே மெர்சிங் கடலில் முக்குளித்த வெளிநாட்டவர் நால்வர் மேலே வந்தபோது படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களைத் தெற்கே இழுத்துப் போனது. மறுநாள் ஒருவர் மீட்கப்பட்டார். 9-ஆம் தேதி மேலும் இருவரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். 14 வயதுச் சிறுவன் ஒருவன் திரும்பவில்லை. முழு முக்குளிப்புக் கருவிகளோடு, பயிற்சி பெற்ற ஒருவரும் உடனிருந்த குழு அது. காலணியோடு தவறி விழும் ஒரு முதல் பயணிக்கு அந்தக் கடல் எவ்வளவு அவகாசம் கொடுக்கும்?

மீனும் திரும்பும் வழியும்

மயில் மீனைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணத்தோடு போகிறவர்களுக்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரொம்பினில் அதைப் பிடித்து, படம் எடுத்து, திரும்பக் கடலிலேயே விடுவதுதான் வழக்கம். வயிற்றில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும் வட்டக் கொக்கியைப் பயன்படுத்துவதும் அது பிழைக்க வேண்டும் என்பதற்காகவே. படத்துக்காக மீனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளாமல், கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரில் வைத்தபடியே எடுக்கலாம். அந்த மூக்கு முகத்தில் குத்தினால் பக்கத்தில் மருத்துவமனை இல்லை.

குழம்புக்குத் தெங்கிரி கிடைக்கலாம், களவா கிடைக்கலாம். தெங்கிரி, சூரை வகை மீன்களைப் பிடித்தவுடனே ஐஸ் கட்டியில் புதைக்க வேண்டும். வெயிலில் சிறிது நேரம் கிடந்தாலும் அவற்றின் உடலில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து, தலைவலி, வாந்தி வரும். 400 கிலோமீட்டர் காரில் பயணம் செய்யப்போகும் மீனுக்கு, மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ் வேண்டும். வழியில் உருகும் தண்ணீரை வடித்துப் புதிதாகப் போட வேண்டும்.

இந்தப் பயணத்தில் கடலைவிட ஆபத்தான பகுதி ஒன்று இருக்கிறது. அது இரவில் வீடு திரும்பும் சாலை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பகல் முழுவதும் வெயிலில் ஆடி, தூக்க மாத்திரைக்கு ஈடான குமட்டல் மாத்திரையும் விழுங்கியவர், அன்றிரவே தாப்பாவிலிருந்து தானா ராத்தாவரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுகளில் கார் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். ரொம்பின் போவதென்றால் முந்தைய இரவும் அடுத்த இரவும் அங்கேயே தங்கும்படி விடுப்பு எடுக்க வேண்டும். அதற்குப் பணம் போதவில்லையென்றால் லுமுட் போதும். அங்கேயும் ஓர் இரவு தங்கத்தான் வேண்டும்.

புறப்படும் முன் வீட்டில் ஒரு தாளை ஒட்டிவைக்க வேண்டும். படகின் எண், எந்தப் படகுத்துறை, தெக்கோங்கின் தொலைபேசி எண், உடன் வருபவர்களின் பெயர்கள், கரை திரும்பும் நேரம், எத்தனை மணி தாண்டினால் 999-ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அழைப்பு வந்தால் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் எங்கே தேடத் தொடங்குவது என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்தவர், இரவு பத்து மணிக்கும் பதறாமல் தொலைபேசி எடுக்கக்கூடியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அம்மாவோ மனைவியோ, யாராக இருந்தாலும் சரி. கரையேறியவுடன், மீனை எடை போடுவதற்கு முன்பு, முதல் அழைப்பு அவருக்குத்தான் போக வேண்டும்.