கணிப்பொறியில் மேற்பட்டம் பெறுவது எங்ஙனம்?

மாலை வேளையில் சாங்கி ஏரிக்கரையில் உலாவும் நம் மல்லேஸ்வரத்து அன்பர்கள், ஏரிக்கு அப்பால் மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்றைக் கண்டிருப்பர். பழைய ஊரார் அதனை இன்றும் ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்றே வழங்குவர். மைசூர் அரச குடும்பம் அளித்த 371 ஏக்கர் நிலத்தில், 1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகமே அது. மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்த யான், அதன் வாயிலைப் பல்லாண்டு கடந்து சென்றும் உள்ளே என்ன கற்பிக்கின்றனர் என்று எண்ணியதில்லை. பி.இ. தேறிய என் தங்கை, “அண்ணா, கணிப்பொறியில் எம்.டெக். படிக்க விரும்புகிறேன்” என்று சொன்ன நாளில்தான் விசாரிக்கத் தொடங்கினேன். அறிந்தவற்றை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்றெண்ணி இங்கே எழுதுகிறேன்.

இத்துறைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் நம்மவரே. ஈரோட்டில் 1933-இல் பிறந்த பேராசிரியர் வி. இராஜாராமன், நம் பிள்ளைகளைப் போன்றே வெளியூரில் வளர்ந்தவர். டில்லியில் சென்னை மாகாணத்தார் நடத்திய பள்ளியில் பயின்றார். பின்னர் இக்கழகத்தில் கற்றார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1965-இல் நாட்டின் முதற் கணிப்பொறியியல் பாடத்திட்டம் தொடங்க முன்னின்றார். 1982-இல் மீண்டும் இக்கழகத்திற்கே பேராசிரியராக வந்தார்.

நுழைவாயில்

பி.இ. அல்லது அதற்கு நிகரான பட்டம் முதல் தேவை. அடுத்தது ‘கேட்’ தேர்வு. ஆண்டுதோறும் பிப்ரவரியையொட்டி நடைபெறும் இத்தேர்வு 3 மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள். ஒரே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் மதிப்பெண் குறையும். எண்ணை விடையாக எழுதும் வினாவில் குறையாது. பெற்ற தகுதி 3 ஆண்டுகள் செல்லும். வயது வரம்பு இல்லை. ஆகவே முதன்முறை தவறியோர் மனம் தளர வேண்டுவதில்லை.

அறுபத்து நான்கு

இக்கழகத்தில் எம்.டெக். படிப்பு 24 திங்கள். அதற்குள் 64 கிரெடிட்டுகளேனும் சேர்க்க வேண்டும். வாரத்திற்கு ஒரு மணி நேர விரிவுரை ஒரு பருவம் முழுதும் நடந்தால் அது ஒரு கிரெடிட். ஆய்வுக்கூடப் பயிற்சியாயின் ஏறத்தாழ மூன்று மணி நேரத்திற்கு ஒன்று. கணிதம், அல்காரிதம், இயங்குதளம், தரவுத்தளம் எனப் பாடங்கள் பல. மாணவர் தம் விருப்பத்திற்கேற்பத் தேர்ந்து கொள்ளலாம். எனினும் ஒவ்வொரு தொகுதியிலும் இத்தனை என்ற வரையறை உண்டு.

பாடங்களைத் தேறுவதோடு பட்டம் வந்துவிடாது. 64-இல் ஒரு பகுதி ‘புராஜெக்ட்’ எனும் ஆய்வுப் பணிக்குரியது. ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து, அறிக்கை எழுதி, அறிஞர் முன் நின்று வினாக்களுக்கு விடை கூறல் வேண்டும்.

பொருள் நிலை

‘கேட்’ வழியாகச் சேர்ந்தோருக்குத் திங்கள்தோறும் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். இரண்டாண்டில் அது 2,97,600 ரூபாய். அதற்கு ஈடாக வாரத்தில் 8 மணி நேரம் கற்பித்தல் உதவிப் பணி செய்ய வேண்டும். ஏழைக் குடும்பங்கள் இதனைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும்.

எங்கள் இல்லத்து அனுபவம்

என் தங்கை நகரிலுள்ள வேறொரு கல்லூரியில் சேர்ந்தாள். பாடங்கள் யாவும் தேறிய பின், இரண்டாம் ஆண்டின் நடுவே ஒரு நிறுவனம் வேலை தர முன்வந்தது. ஆனால் உடனே வந்து சேர வேண்டும் என்றது. தந்தையார் காலமான பின் நாங்கள் பட்ட கடன் அப்போதும் தீரவில்லை. “கையில் வந்த சோற்றை விடலாமா?” என்று அன்னை கலங்கினார். தங்கையோ என் முகத்தைப் பார்த்தாள். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

மறுநாள் அவளுடைய பேராசிரியரைக் கண்டேன். “புராஜெக்ட் முடியாவிடில், படித்த பாடங்களுக்குச் சான்று உண்டு, பட்டம் இல்லை” என்றார். பாதி வழியில் இறங்கியவர் ஊர் போய்ச் சேர்ந்தவராகார் என்பது இரயில்வேக்காரனுக்கு விளங்காததா? வேலையை வேண்டாமென்றோம். அவள் பட்டம் பெற்றாள். பெற்ற பின் நான்கு திங்கள் வேலையின்றி வீட்டில் இருந்ததும் உண்மை. அந்நாட்களில் அன்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. இப்போது அவள் பணியில் இருக்கிறாள். கடனும் குறைந்து வருகிறது.

ஓர் எச்சரிக்கை: “வகுப்புக்கு வராமலே ஓராண்டில் எம்.டெக். வாங்கித் தருகிறோம்” என்று பணம் கேட்போர் உளர். என்னிடமும் கேட்டனர். அவர்களை நம்பற்க.

நம் பெற்றோர் பலர் ஆங்கிலம் அறியாமையால் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கவே கூசுகின்றனர். கேளுங்கள். எத்தனை கிரெடிட் முடிந்தது, எத்தனை எஞ்சியது என்ற இரு வினாக்கள் போதும். நம் அக்கறையைப் பிள்ளைகள் அவற்றிலேயே உணர்ந்து கொள்வர்.