நாயின் செவிநோய்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நெடுங்காலம் நடந்துவந்தது. தூத்துக்குடிக் கடலில் அத்தொழில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. மூச்சடக்கிக் கடலில் இறங்குபவர் பத்து மீட்டர் ஆழத்தை எட்டும்போது, அவர்மீதுள்ள அழுத்தம் கரையில் இருந்ததைப்போல் இரு மடங்காகிறது. அதற்கு ஈடுகொடுக்க இயலாவிட்டால் செவிப்பறை கிழிந்துபோகும். அத்துணை மெல்லிய சவ்வு அது. அதுபோன்றதொரு சவ்வு நாம் வளர்க்கும் நாயின் செவிக்குள்ளும் உண்டு. அதனை மறந்து, நாய் காதைச் சொறிந்தவுடன் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவோர் பலர். அது ஏன் தகாது என்பதை மாணவ நேயர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் செவியின் அமைப்பைப் பார்ப்போம். மனிதனின் செவிக்குழல் ஏறக்குறைய நேராக உட்செல்கிறது. நாயின் செவிக்குழலோ மேலிருந்து கீழே இறங்கிப் பின் பக்கவாட்டில் திரும்புகிறது. 'ட' என்னும் எழுத்தை எழுதிப் பாருங்கள்; அவ்வடிவம் விளங்கிவிடும். உள்ளே புகுந்த நீர் எளிதில் வெளிவராது. தோலில் இயல்பாகச் சிறிதளவே வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அந்த ஈரத்திலும் வெப்பத்திலும் பெருகிவிடுகின்றன. கடலில் நீந்தும் நாய்க்கும், காது தொங்கும் நாய்க்கும் இவ்விடர் மிகுதி. காதுக்குள் புகும் புல்முள், உண்ணி, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் செவிப்பூச்சி ஆகியவையும் காரணமாகலாம். நோய் மீண்டும் மீண்டும் வருமாயின், பெரும்பாலும் தோல் ஒவ்வாமையே அதற்கு வேராக இருக்கும்.

அறிகுறிகள் யாவை? நாய் அடிக்கடி தலையை உதறும். காதைத் தரையில் தேய்க்கும். தொட்டால் முனகும், சில வேளை கடிக்கவும் வரும். காதின் உட்புறம் சிவந்து நாற்றம் வீசும். காப்பித்தூள் போன்ற கரிய துகள்கள் காணப்பட்டால் செவிப்பூச்சி என ஐயுறலாம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நடை தள்ளாடினால், நோய் உட்செவியை எட்டியிருக்கக்கூடும். ஒருநாளும் தாமதித்தல் ஆகாது.

ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்கு ஒரு விதி கற்பித்தார்கள்: அழைத்தும் திரும்பாத பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் அவன் செவியைச் சோதித்துப் பார். நாய்க்கும் இவ்விதி பொருந்தும். சொற்கேட்ட நாய் திடீரெனக் கேளாதிருந்தால் அதனை அடிக்காதீர்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற இராசபாளையம் நாய் வெண்ணிறமானது. அவ்வினத்துக் குட்டிகளுள் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. அவற்றுக்கு நாற்றமோ வலியோ இராது. மருந்தாலும் அக்குறை தீராது.

இனி, மருத்துவத்துக்கு வருவோம். கால்நடை மருத்துவர் விளக்குப் பொருத்திய சிறு கருவியால் செவிப்பறை முழுமையாக உள்ளதா என்று நோக்குவார். பின் அழுக்கைச் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறொன்று, பூச்சிக்கு மற்றொன்று. செவிப்பறை கிழிந்திருக்கும்போது ஜென்டாமைசின் போன்ற மருந்து உள்ளே சென்றால் கேட்கும் ஆற்றலே அழிந்துபோகக்கூடும். ஆகவே முன்பு ஒரு நாய்க்குத் தந்த சொட்டு மருந்தை இன்னொன்றுக்கு ஊற்றுதல் பெருந்தீங்கு. எண்ணெய் அழுக்கோடு கலந்து நோயை மறைக்கும். சூடாயின் சுடவும் செய்யும். பஞ்சு சுற்றிய குச்சியோ அழுக்கை அந்த 'ட'வின் வளைவுக்குள் தள்ளிவிடும்.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். சிக்கல் மிகுந்தால், திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவர் குறித்த நாள்வரை மருந்தைத் தாருங்கள். சொறிதல் நின்றதென்று நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பிவரும்.

கடலிலோ குளத்திலோ நீந்திய நாயின் காது மடலை மெல்லிய துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை காதைத் திருப்பிப் பாருங்கள்; முகர்ந்தும் பாருங்கள். இதற்குச் செலவாவது இரண்டு நிமிடமே. வலியைச் சொல்ல வாயில்லாத உயிருக்காக அதனைச் செலவிடுதல் வளர்ப்பவரின் கடமையாகும்.